காலையில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டுமா?

கடிதம் எழுதியிருப்பவர் மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமானில் (குடியிருப்பில்) பெற்றோருடன் வசிக்கும் 27 வயதுப் பெண். பெட்டாலிங் ஜெயாவில் உள்ள சிறிய மென்பொருள் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். செம்பனைக் குலை வாங்கும் நிறுவைக் கூடங்களுக்கான இணையச் செயலி அவர் குழுவின் பொறுப்பு. லாரி எடை, ரசீது, அன்றைய டன் விலை எல்லாம் அதில்தான் பதிவாகின்றன. பில்டுக்கு, அதாவது எழுதிய நிரலை ஓடும் செயலியாகக் கட்டுவதற்கு, வெப்பேக் 5 என்ற டூல். சோதனைகளுக்கு விடெஸ்ட். பிறர் எழுதிய ஆயத்த நிரல் பேக்கேஜ்களை இறக்கி நிறுவ என்பிஎம். வீட்டுக்கு ஃபைபர் இன்னும் வரவில்லை, போன் ஹாட்ஸ்பாட்தான்.

அவர் சொல்வதன் சுருக்கம் இது. போன வருடம் பில்ட் சர்வரில் ஒரு பிழை வந்தது. பேக்கேஜ்களின் பதிப்புகளைக் குறித்து வைக்கும் லாக் ஃபைலையும், இறக்கிய பேக்கேஜ்கள் இருக்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரையும் அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யும்படி பிழைச் செய்தியே சொன்னது. செய்தார், சரியானது. அன்றிலிருந்து தினமும் காலையில் இரண்டையும் அழித்துவிட்டே வேலையைத் தொடங்குகிறார். இன்ஸ்டாலுக்கு 35 நிமிடம், முதல் பில்டுக்கு 9 நிமிடம் ஆகிறது. ஒன்பது மணிக் கூட்டத்துக்குள் முடிக்க ஏழரைக்கே உட்கார்ந்துவிடுகிறார். இதற்கிடையில் ஒரு மாதக் கடைசியில் ரசீதில் 18.46 டன் என்பது 18.5 என்று வந்து பெரிய சண்டையாகிவிட்டது. அவசரத்துக்கு நோட் மாட்யூல்ஸுக்குள் இருந்த ஒரு ஃபைலைக் கையால் திருத்தினார், பில்ட் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. விலையை மாற்றி வெளியிட்ட பிறகும் சில கூடங்களின் போனில் பழைய பக்கமே வருகிறது. “கேஷை (முன்பு செய்ததைச் சேமித்து வைத்து மறுபடி எடுக்கும் வசதியை) நிறுத்திவிடலாமா? வெப்பேக்குக்குப் பதில் வீட் டூலுக்கு மாறலாமா? கையிலிருந்து 5,000 வெள்ளி போட்டு புது லேப்டாப் வாங்கலாமா?” என்று கேட்கிறார். வேகமில்லை என்று மேலாளர் அவரை அலுவலகத்துக்கு வரச் சொல்கிறார். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாததால் அவரால் வீட்டை விட்டுப் போக முடியாது.

அன்புள்ள தங்கைக்கு,

“கேஷ் பொய் சொல்கிறது, அதனால் நம்புவதை விட்டுவிட்டேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய கான்ஃபிக் ஃபைலை (வெப்பேக்கின் அமைப்புகள் உள்ள ஃபைலை) பார்த்ததும் எனக்குத் தோன்றியது வேறு. ஒரு வருடமாக உங்கள் லேப்டாப்பில் கேஷ் ஒரு இரவைக்கூடத் தாண்டியதில்லை.

2020 அக்டோபரில் வந்த வெப்பேக் 5, பில்டின் இடைநிலை வேலைகளை டிஸ்கில் சேமித்து வைத்து அடுத்த முறை எடுத்துக்கொள்ளும் வசதியோடு வந்தது. அது தானாக இயங்காது. டெவலப்மென்ட் பில்டில் (வேலை செய்யும்போது கட்டுவது) நினைவகக் கேஷ் மட்டும் இருக்கும், புரொடக்‌ஷன் பில்டில் (வெளியிடுவதற்காகக் கட்டுவது) கேஷே இருக்காது. டிஸ்க் கேஷ் வேண்டுமென்றால் நாம்தான் கேட்க வேண்டும். உங்கள் குழுவில் யாரோ அதைச் சரியாகவே கேட்டு வைத்திருக்கிறார். ஆனால் இடம் எதுவும் குறிப்பிடாவிட்டால் அது சேமிக்கப்படுவது நோட் மாட்யூல்ஸுக்குள் இருக்கும் .கேஷ் என்ற ஃபோல்டரில். நீங்கள் தினமும் காலையில் அழிப்பது அந்த ஃபோல்டரையும் சேர்த்துத்தான். அந்த 9 நிமிடம் என்பது, இந்தச் செயலியை வெப்பேக் முதன்முதலாகப் பார்க்கும்போது ஆகும் நேரம். உங்கள் வீட்டில் தினமும் முதல் நாள்தான்.

உங்கள் மேல் தப்பில்லை. அழிக்கச் சொன்னது பிழைச் செய்திதான். அந்தச் செய்தி எதற்காக அப்படிச் சொன்னது என்பதைத் தெரிந்துகொண்டால், தினமும் செய்ய வேண்டிய வேலை அது இல்லை என்பது புரியும்.

விடெஸ்டின் அடியில் வீட் டூல் இருக்கிறது. 7-ஆம் பதிப்பு வரை அந்த டூலின் அடியில் ரோலப் என்ற இன்னொரு கட்டும் டூல் இருந்தது. ரோலப் தன் 4-ஆம் பதிப்பிலிருந்து, ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனித்தனியாகத் தயாரித்த பகுதிகளை விருப்ப டிபெண்டென்சிகளாக (பொருந்தினால் மட்டும் நிறுவப்படும் துணைப் பேக்கேஜ்களாக) வைத்திருக்கிறது. விண்டோஸுக்கு ஒன்று, லினக்ஸுக்கு ஒன்று. என்பிஎம்மில் இதைச் சுற்றி ஒரு பழைய கோளாறு உண்டு. விண்டோஸில், நோட் மாட்யூல்ஸ் ஏற்கெனவே இருக்கும் நிலையில் லாக் ஃபைலை உருவாக்கினால், சில நேரம் விண்டோஸ் பகுதியை மட்டும் எழுதிவிட்டு மற்றவற்றை விட்டுவிடும். லினக்ஸில் ஓடும் பில்ட் சர்வர் தனக்கான பகுதியைத் தேடும், கிடைக்காது. அதற்காகத்தான் இரண்டையும் அழித்து ஒரு தடவை புதிதாக எழுதச் சொன்னார்கள். புதிதாக வந்த லாக் ஃபைலை கிட்டில் (குழு நிரலைப் பதிப்பு பதிப்பாகச் சேமிக்கும் இடத்தில்) கமிட் செய்திருந்தால், அதாவது பதிந்திருந்தால், அதோடு அந்த மருந்தின் வேலை முடிந்திருக்கும்.

லாக் ஃபைல் என்ன வேலை செய்கிறது

நான் பீடோங் பக்கத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். விடிவதற்கு முன், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கிராணி (தோட்டக் கணக்கர்) செக்ரோல் என்ற வருகைப் புத்தகத்தோடு நிற்பார். இன்று யார் யார், எந்த நிரையில், யார் வரவில்லை என்பதெல்லாம் அதில் இருக்கும். சம்பள நாளில் சண்டை வந்தால் அந்தப் புத்தகம்தான் பேசும். லாக் ஃபைல் உங்கள் செயலியின் செக்ரோல். எந்தப் பேக்கேஜ், சரியாக எந்தப் பதிப்பு, எங்கிருந்து வந்தது, அதன் உள்ளடக்கத்தின் ஹேஷ் (கைரேகை போன்ற குறியீடு) என்ன என்பதை ஒரு பேக்கேஜ் விடாமல் அது எழுதி வைத்திருக்கிறது. 18.46 எப்படி 18.5 ஆனது என்று உங்களால் யாருக்கும் விளக்க முடியாமல் போனதற்குக் காரணம், முதல் நாள் இருந்த லாக் ஃபைல் உங்களிடம் இல்லாததுதான்.

வேண்டிய பேக்கேஜ்களை நாம் பட்டியலிடும் பேக்கேஜ்.ஜேசன் ஃபைலில் ^4.2.0 என்று எழுதினால் 4.2.0 வேண்டும் என்று பொருள் இல்லை. 4.2.0 முதல் 5.0.0-க்குக் கீழே எதுவானாலும் சரி என்று பொருள். 0.4.2 போல பூஜ்யத்தில் தொடங்கினால் மட்டும் வரம்பு சுருங்கி 0.5.0-க்குக் கீழே நிற்கும். லாக் ஃபைல் இருக்கும்வரை அந்த வரம்புக்குள் ஏற்கெனவே தேர்ந்தெடுத்ததே நிலைக்கும். அதை அழித்துவிட்டால் என்பிஎம் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் வரம்புக்குள் இன்று கிடைப்பதைப் புதிதாகத் தேர்ந்தெடுக்கும். எண்ணை வடிவமைக்கும் உங்கள் லைப்ரரி ஏதோ ஒரு காலையில் 4.2-இலிருந்து 4.3-க்குப் போயிருக்கிறது, தசமத்தைக் கையாளும் விதம் மாறியிருக்கிறது. சக ஊழியரின் லேப்டாப்பில் அது வராததற்கும் இதுவே விளக்கம்.

எல்லா ^ குறிகளையும் எடுத்துவிட்டால் போதும் என்று உங்கள் குழுத் தலைவர் சொன்னாராம். போதாது. நீங்கள் நேரடியாகக் கேட்ட சில டஜன் பேக்கேஜ்கள்தான் அதில் நிலைக்கும். அவை தங்களுக்குள் கேட்கும் நூற்றுக்கணக்கானவற்றின் வரம்புகள் உங்கள் கையில் இல்லை. அவற்றையும் சேர்த்துப் பிடித்து வைப்பது லாக் ஃபைல் மட்டுமே.

பாதுகாப்பையும் யோசியுங்கள். 2025 செப்டம்பர் 8 அன்று, சாக், டிபக் உள்ளிட்ட 18 பிரபலமான பேக்கேஜ்களின் நச்சுப் பதிப்புகள் என்பிஎம்மில் ஏறிவிட்டன. அவற்றைப் பராமரிப்பவரைப் போலி மின்னஞ்சலால் ஏமாற்றிக் கணக்கைக் கைப்பற்றியிருந்தார்கள். சில மணி நேரத்தில் அவை நீக்கப்பட்டன. அந்தச் சில மணி நேரத்தில் லாக் ஃபைல் இல்லாமல் இன்ஸ்டால் செய்தவர்கள்தான் மாட்டக்கூடியவர்கள். தினமும் லாக் ஃபைலை அழிக்கும் ஒருவர் அந்த வரிசையில் முதலில் நிற்கிறார். இதை எழுதும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது, ஏனென்றால் உங்கள் லேப்டாப்பில் சர்வருக்குள் நுழையும் கடவுச் சாவிகளும் இருக்கும்.

ஆகவே லாக் ஃபைலை கிட்டில் வையுங்கள். பில்ட் சர்வரில் என்பிஎம் இன்ஸ்டாலுக்குப் பதில் என்பிஎம் சிஐ கட்டளையைப் போடுங்கள். பேக்கேஜ்.ஜேசனும் லாக் ஃபைலும் ஒத்துப்போகாவிட்டால் அது தானாகச் சரிசெய்யாமல் நின்றுவிடும், நமக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் என்பிஎம் சிஐ முதலில் நோட் மாட்யூல்ஸை முழுக்க நீக்கிவிட்டுத்தான் தொடங்கும். எனவே வீட்டில் அதைத் தினமும் ஓட்டாதீர்கள். கிட்டிலிருந்து இழுத்த பிறகு லாக் ஃபைல் மாறியிருந்தால் மட்டும் இன்ஸ்டால் செய்யுங்கள். அப்போதும் ‘பிரிஃபர் ஆஃப்லைன்’ என்ற விருப்பத்தைச் சேர்த்தால், ஏற்கெனவே இறக்கியவற்றை என்பிஎம் தன் சொந்தக் கேஷிலிருந்து எடுத்துக்கொள்ளும். அது நோட் மாட்யூல்ஸுக்கு வெளியே தனியாக இருப்பது. ஹாட்ஸ்பாட் டேட்டாவில் உங்களுக்கு மிச்சமாவது இங்கேதான்.

கையால் திருத்திய ஃபைல்

கேஷ் உங்களிடம் பொய் சொன்னதாக நீங்கள் நினைத்த நாள் இது. உண்மையில் வெப்பேக் ஒரு வாக்கை நம்பியது. நோட் மாட்யூல்ஸுக்குள் இருப்பதைப் பேக்கேஜ் மேலாளர் மட்டுமே மாற்றும் என்று அது வைத்துக்கொள்கிறது. அங்கே இருக்கும் பல்லாயிரம் ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்காமல், பேக்கேஜின் பெயரும் பதிப்பு எண்ணும் மாறியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. அதன் வேகத்தில் பெரும்பங்கு இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. நீங்கள் உள்ளடக்கத்தை மாற்றினீர்கள், பதிப்பு எண் மாறவில்லை, அதனால் பழையதையே எடுத்தது.

எந்தக் கேஷானாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். இந்த விடை எதையெல்லாம் சார்ந்திருக்கிறது, அது எல்லாம் கேஷின் சாவியில் (சேமித்தது இன்னும் செல்லுமா என்று ஒப்பிடும் விவரங்களில்) இருக்கிறதா? சாவியில் ஒன்று விடுபட்டால் கேஷ் பழைய விடையைக் கொடுக்கும். தேவையில்லாத ஒன்று சாவியில் சேர்ந்துவிட்டால் எப்போதும் புதிதாகச் செய்துகொண்டே இருக்கும். கேஷை நிறுத்திவிட்டால் சாவியில் என்ன விடுபட்டது என்று யாரும் பார்க்க மாட்டார்கள், நீங்கள் ஆயுசுக்கும் 9 நிமிடம் காத்திருப்பீர்கள்.

உங்கள் கான்ஃபிக்கில் விடுபட்டவை எனக்குத் தெரிந்து இவை:

கான்ஃபிக் ஃபைலே ‘பில்ட் டிபெண்டென்சீஸ்’ பட்டியலில் (மாறினால் கேஷைத் தள்ளிவிட வேண்டிய ஃபைல்களின் பட்டியலில்) இல்லை. அதைச் சேருங்கள். கான்ஃபிக் மாறினால் கேஷ் தானாகச் செல்லாததாகிவிடும்.

அந்த லைப்ரரியைத் திருத்தியே ஆக வேண்டுமென்றால், பேட்ச் பேக்கேஜ் போன்ற கருவியால் திருத்தத்தைத் தனி ஃபைலாக எடுத்து கிட்டில் வையுங்கள். இன்ஸ்டால் முடிந்ததும் அது தானாகப் போடப்படும், குழுவில் எல்லாருக்கும் ஒரே திருத்தம் கிடைக்கும். அந்தத் திருத்த ஃபைல்களையும் அதே பட்டியலில் சேர்க்க மறக்காதீர்கள், இல்லையென்றால் அன்று நடந்ததே மறுபடி நடக்கும்.

சூழல் மாறியை (நிரலுக்கு வெளியே கணினியில் வைக்கும் மதிப்பை) படித்து உங்கள் கான்ஃபிக் வேறு வேறு விதமாக நடந்துகொள்கிறது. சோதனைச் சர்வருக்கு ஒன்று, உண்மைச் சர்வருக்கு ஒன்று. அந்த மதிப்பைக் கேஷின் பதிப்புச் சரத்தில் சேர்த்துவிடுங்கள், அல்லது இரண்டுக்கும் தனித்தனிப் பெயரில் கேஷ் வையுங்கள்.

அப்புறம் கேஷ் ஃபோல்டரையே நோட் மாட்யூல்ஸுக்கு வெளியே நகர்த்திவிடுங்கள். எப்போதாவது சந்தேகம் வந்தால் அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் அழித்துப் பாருங்கள். பிரச்சினை தீர்ந்தால் சாவியில் இன்னொன்று விடுபட்டிருக்கிறது, அது என்னவென்று தேடுங்கள். தீரவில்லையென்றால் கேஷ் குற்றவாளி இல்லை.

தேடுவதில் போகும் நேரம்

இரண்டாவது பில்டும் மந்தமாக இருந்தால், பெயரைப் பார்த்து ஃபைலைக் கண்டுபிடிக்கும் வேலையைப் பாருங்கள். ஒரு ஃபைல் ஒரு பேக்கேஜைக் கேட்டால், அந்த ஃபோல்டரில் நோட் மாட்யூல்ஸ் இருக்கிறதா, இல்லையென்றால் மேலே, அதற்கும் மேலே என்று ஏறிக்கொண்டே போவது நோட் வகுத்த வழி. வெப்பேக்கும் அதையே பின்பற்றுகிறது. ஃபைல் பெயரின் கடைசியில் வரும் .js போன்ற நீட்சி இல்லாமல் இம்போர்ட் செய்தால் (வேறு ஃபைலை உள்ளே அழைத்தால்) பட்டியலில் உள்ள ஒவ்வொரு நீட்சியையும் வரிசையாக முயன்று பார்க்கும். உங்கள் பட்டியலில் 11 நீட்சிகள் இருக்கின்றன. நீங்கள் உண்மையில் பயன்படுத்துவது மூன்றோ நான்கோதான். அவற்றை மட்டும், அதிகம் வருவதை முதலில் வைத்து எழுதுங்கள்.

அதைவிட முக்கியம், ‘யூட்டில்ஸ்’ ஃபோல்டரின் இண்டெக்ஸ் ஃபைல். எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து மறு ஏற்றுமதி செய்கிறீர்கள். தேதியை வடிவமைக்கும் ஒரு சிறிய ஃபங்ஷனைக் கேட்டால் வரைபட லைப்ரரி வரைக்கும் இழுத்து வருகிறது. தேவையானதை நேராக அதன் ஃபைலிலிருந்தே இம்போர்ட் செய்யுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம், தொடும் ஃபைல்களில் மாற்றிக்கொண்டே போங்கள்.

ஒரே லைப்ரரி இரண்டு பதிப்புகளில் வந்திருக்கிறதா என்று ‘என்பிஎம் எல்எஸ்’ கட்டளையோடு லைப்ரரியின் பெயரைச் சேர்த்துப் பாருங்கள். திரையைக் கட்டும் ரியாக்ட் லைப்ரரி இரண்டு பிரதி வந்துவிட்டால், அதன் ஹூக் எனும் ஃபங்ஷன்களில் பிழையே வரும். மற்றவை சத்தமில்லாமல் எடையை மட்டும் கூட்டும். ‘என்பிஎம் டிடியூப்’ ஒத்துப்போகக்கூடியவற்றை ஒன்றாக்கும். பேக்கேஜ்.ஜேசனில் ஓவர்ரைட்ஸ் என்ற பகுதி மூலம் வலுக்கட்டாயமாக ஒரே பதிப்பைத் திணிக்கவும் முடியும், ஆனால் அந்த லைப்ரரியை எழுதியவர் சோதித்திராத இணைப்பு அது. எண்களும் பணமும் புழங்கும் செயலியில் நான் அதைக் கடைசியாகத்தான் தொடுவேன்.

புது டூலும் புது லேப்டாப்பும்

வீட் நல்ல டூல், டெவலப்மென்டில் நிஜமாகவே வேகம். ஆனால் அதுவும் டிபெண்டென்சிகளை முன்கூட்டியே கட்டி நோட் மாட்யூல்ஸுக்குள்தான் வைக்கிறது. மறுபடி கட்ட வேண்டுமா என்பதற்கு அது முக்கியமாகப் பார்ப்பதே லாக் ஃபைலின் உள்ளடக்கத்தைத்தான். இன்றைய உங்கள் பழக்கத்தோடு அங்கே போனால் அங்கேயும் தினமும் முதல் நாள்தான். பழக்கத்தை மாற்றி ஒரு மாதம் பார்த்துவிட்டுப் பிறகு பேசுங்கள்.

என்பிஎம்முக்கு மாற்றான பிஎன்பிஎம் உங்களுக்கு அதைவிடப் பொருந்தலாம். ஒரு பேக்கேஜைக் கணினியில் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புராஜெக்டுக்கும் இணைப்பு மட்டும் கொடுப்பதால் டேட்டாவும் டிஸ்கும் மிச்சம். ஆனால் கண்டிப்பானது. பேக்கேஜ்.ஜேசனில் நீங்கள் எழுதாத, வேறொன்றோடு தொற்றிக்கொண்டு வந்த பேக்கேஜ்களை இத்தனை நாள் இம்போர்ட் செய்திருந்தால் அது உடனே உடையும். உடைவது நல்லதுதான், மாதக் கடைசியில் மட்டும் உடையக்கூடாது.

லேப்டாப் வாங்காதீர்கள். இப்போது வாங்கினால் அதே 35 நிமிடத்தைப் புது லேப்டாப்பில் காத்திருப்பீர்கள், ஏனென்றால் அதில் பெரும்பகுதி ஹாட்ஸ்பாட் வழியாக இறங்கும் நேரம். மேலே சொன்னவற்றைச் செய்த பிறகும் மந்தம் என்றால் கணினியைக் கம்பெனியிடம் கேளுங்கள்.

நிறுவைக் கூடத்தில் பழைய விலை

இது வேறு கேஷ், வாடிக்கையாளர் போனில் இருப்பது. ஒவ்வொரு கூடத்துக்கும் போன் போட்டு “கேஷை அழியுங்கள்” என்று சொல்லும் வேலை உங்களுடையது இல்லை. பில்டில் வெளிவரும் ஃபைல் பெயர்களில் உள்ளடக்க ஹேஷைச் சேருங்கள், உள்ளடக்கம் மாறினால் பெயரும் மாறும். அந்த ஃபைல்களை ஒரு வருடம், அதாவது 31536000 விநாடி, வைத்துக்கொள்ளச் சொல்லி சர்வர் அனுப்பலாம். அவற்றைச் சுட்டும் எச்டிஎம்எல் பக்கத்தை மட்டும் ஒவ்வொரு தடவையும் சர்வரிடம் கேட்டுச் சரிபார்க்கச் சொல்ல வேண்டும். உங்கள் சர்வரில் இரண்டுக்கும் ஒரே விதி போட்டிருப்பதுதான் கோளாறு. பழைய ஃபைல்களை வெளியிட்ட உடனே நீக்காமல் சில நாள் விட்டுவையுங்கள். காலையில் திறந்த பக்கத்தை மூடாமல் மாலைவரை வைத்திருக்கும் கிராணிகள் இன்னும் இருக்கிறார்கள். டன் விலையையே ஜாவாஸ்கிரிப்டுக்குள் எழுதி வைத்திருந்தால் அதை எடுத்துவிட்டு சர்வரிலிருந்து கேளுங்கள். தினமும் மாறுகிற விலைக்குப் பில்ட் தேவைப்படக் கூடாது.

அலுவலகத்துக்கு வரச் சொன்னால்

நான் வழக்கறிஞர் இல்லை, ஆனால் இதில் ஒரு தப்பான நம்பிக்கை இருப்பதால் சொல்கிறேன். வீட்டிலிருந்து வேலை செய்வது உங்கள் சட்ட உரிமை என்று எழுதியிருக்கிறீர்கள். 2023 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள மலேசிய வேலைச் சட்டத் திருத்தம் தருவது, வேலை நேரம், நாள், இடம் ஆகியவற்றில் மாற்றம் கேட்டு எழுத்தில் விண்ணப்பிக்கும் உரிமையை. முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணம் தர வேண்டும். கொடுத்தே ஆக வேண்டும் என்று அதில் இல்லை. ஆகவே வாய்ப்பேச்சில் விடாமல் விண்ணப்பமாகக் கொடுங்கள். அதே திருத்தம் வாரத்துக்கு 45 மணி நேரம் என்று உச்சவரம்பு வைக்கிறது. உங்கள் மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் இல்லையென்றால் மிகைநேர ஊதிய விதிகளும் பொருந்தும். ஏழரை மணிக்கு உட்காருவதைத் தேதி போட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் ஈப்போ தொழிலாளர் இலாகாவில் நேரில் கேட்கலாம்.

விண்ணப்பத்தோடு எண்களைச் சேருங்கள். இந்த வாரம் பழைய முறையில் மூன்று காலை, இன்ஸ்டாலுக்கு எவ்வளவு, முதல் பில்டுக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை கான்ஃபிக்கை மாற்றி, லாக் ஃபைலை கமிட் செய்து, அடுத்த வாரம் மூன்று காலை மறுபடி அளந்து எழுதுங்கள். மேலாளர் கேட்பது வேகம், அந்த இரண்டு பட்டியலையும் அவர் மேசையில் வைத்துவிட்டு அப்பாவின் உடல்நிலையைப் பேசுங்கள்.